முதலில் பின் ஸ்பிரிங்கைப் பார்

இரண்டாம் உலகப் போர் வரைக்கும் இங்கிலாந்தின் டார்பியில் ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையின் வாசலைத் தாண்டி விற்பனைக்குப் போனதெல்லாம் வெறும் சேசிஸ்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டியரிங், முன்னால் அந்தக் கோயில் முகப்பு மாதிரி ரேடியேட்டர். ராய்ஸ் செய்து கொடுத்தது இவ்வளவே. வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர், விண்டோவர்ஸ், த்ரப் அண்ட் மேபர்லி என்று தனக்குப் பிடித்த பட்டறைக்கு அனுப்பி, தன் இஷ்டப்படி பாடி கட்டிக்கொண்டார். கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லேலண்டு சேசிஸ் ஒன்றுதான். ஒன்று டவுன் பஸ்ஸாகவும் ஒன்று ஸ்லீப்பராகவும் வெளியே வரும். பாடியைப் பார்த்து சேசிஸை யூகிக்கிறவன் அங்கேயும் ஏமாறுவான், இங்கேயும் ஏமாறுவான்.

பழைய ரோல்ஸ்-ராய்ஸ்களைப் பிரித்துச் சீராக்குகிற வேலையில் என் தலை நரைத்துவிட்டது. இந்தத் தொழிலில் என்னிடம் அதிகம் பேர் கேட்பது ரிப்பேர் பற்றி அல்ல. போனில் ஒரு படம் வரும். கூடவே, "அண்ணே, இது ஃபேன்டம் ஒன்னா, ரெண்டா?" படத்தில் பளபளவென்று ஒரு ரேடியேட்டர், அதன் மேல் சிறகு விரித்த பெண், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வண்டிக்காரர். எனக்கு உதவக்கூடிய எதுவும் அந்தப் படத்தில் இருக்காது. "பின் சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்பேன். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது. வேட்டி அழுக்காகிவிடும் என்று நினைப்பார்களோ என்னவோ.

காகிதம் கைகொடுக்குமா என்றால், கொடுக்காது. இந்தியாவில் இந்த வண்டிகளின் பழைய ஆர்.சி. புத்தகங்களில் பெரும்பாலும் 'ரோல்ஸ்-ராய்ஸ், 40/50 எச்.பி.' என்று மட்டும் இருக்கும். 40/50 என்கிற வகை 1906-இல் தொடங்கி 1935 வரை ஓடியது. அதற்குள் மூன்று மாடல்கள் வந்து போய்விட்டன. நாம் இன்று சில்வர் கோஸ்ட் என்று சொல்வது முதல் மாடல். அந்தப் பெயர் முதலில் ஒரே ஒரு வண்டிக்கு உரியது: 1907-இல் வெள்ளி நிறம் பூசிய, ஏ.எக்ஸ். 201 என்ற பதிவு எண் கொண்ட 60551-ஆம் சேசிஸ். மற்றவை எல்லாம் வெறும் 40/50. 1925-இல் 'நியூ ஃபேன்டம்' வந்த பிறகுதான் பழையதைப் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. ஒரு வண்டியின் பெயர் ஒட்டுமொத்தக் குடும்பத்துக்கும் போய்விட்டது. அதே மாதிரி நியூ ஃபேன்டம் 'முதலாம் ஃபேன்டம்' ஆனது 1929-இல் இரண்டாவது வந்த பின்னால்தான். ஆகவே 1926-ஆம் ஆண்டுக் கடிதத்தில் 'ஃபேன்டம் I' என்று எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தையே சந்தேகப்பட வேண்டும்.

ஆண்டும் அப்படித்தான். சேசிஸ் ஆலையை விட்டு வந்து, பாடி கட்டி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். பிறகு கப்பலேறி பம்பாய் வந்து, சமஸ்தானத்துக்குப் போய், எப்போதோ ஒரு நாள் பதிவாகும். சமஸ்தானத்தில் இருந்தவரை பதிவே செய்யாமல், இணைப்புக்குப் பின் முதன்முறையாகப் பதிவு செய்த வண்டிகளும் உண்டு. புத்தகத்தில் இருக்கும் ஆண்டு குமாஸ்தா வண்டியைப் பார்த்த ஆண்டு, அவ்வளவுதான்.

நான் பார்க்காத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் மேல் நிற்கும் பெண்ணைப் பார்ப்பதில்லை. சார்லஸ் சைக்ஸ் அந்தச் சிலையைச் செய்தது 1911-இல். அதன் பிறகும் பல வருஷம் அது கேட்டால்தான் கிடைக்கும், தனிக் காசு. இன்று 1908-ஆம் ஆண்டு வண்டியின் தலையிலும் அவள் நிற்கிறாள். மண்டியிட்ட உருவம் 1934-இல்தான் வந்தது. 1920-களின் வண்டிகளில் அதையும் பார்த்திருக்கிறேன். முகப்பிலுள்ள இரட்டை ஆர் எழுத்தின் நிறத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. 1933-இல் சிவப்பு கறுப்பானது. அதே ஆண்டு ஏப்ரலில் ஹென்றி ராய்ஸ் இறந்தார். இரண்டையும் முடிச்சுப்போட்டு, கம்பெனி துக்கம் காத்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. உருக்கமான கதை. ஆனால் சிவப்பு எழுத்து வண்டிகளின் பெயின்ட் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக, அவர் இறப்பதற்கு முன்பே எடுத்த முடிவு அது. எப்படியும் ஒரு பேட்ஜை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். ஹெட்லைட்டும் அதே வகைதான். லூக்காஸ் பி-100 என்ற பெரிய விளக்கு 1930-களில் பேஷன். முந்தைய வண்டிக்காரர்களும் வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள்.

சரி, குனிவோம்.

முதலாம் ஃபேன்டத்தையும் இரண்டாம் ஃபேன்டத்தையும் பிரிக்கப் பின் ஸ்பிரிங் ஒன்றே போதும் என்பது என் முடிவு. இரண்டுக்கும் இன்ஜின் கொள்ளளவு ஒன்றே: 7,668 சிசி, ஆறு சிலிண்டர். ஆட்கள் பானட்டைத் திறந்து கொள்ளளவைத் தேடிக்கொண்டிருப்பார்கள், எதுவும் கிடைக்காது. முதலாம் ஃபேன்டத்தின் சேசிஸ் ஏறக்குறைய கடைசிக் கால கோஸ்டின் சேசிஸ்தான். இன்ஜின் மட்டும் புதிது. ஆகவே கோஸ்டின் கான்டிலீவர் ஸ்பிரிங் அப்படியே வந்தது. அதாவது பட்டை ஸ்பிரிங்கைக் கவிழ்த்துப் போட்டு, நடுவைச் சட்டத்தில் பிடித்து, முன்முனையைச் சட்டத்தில் கட்டி, பின்முனையில் ஆக்ஸிலை ஏற்றியிருப்பார்கள். முழு ஸ்பிரிங்கும் பின் சக்கரத்துக்கு முன்னால், ஃபுட்போர்டுக்குக் கீழே ஓடும். சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. இரண்டாம் ஃபேன்டத்தில் ராய்ஸ் சேசிஸையே புதிதாக வரைந்தார். பின்னால் அரை நீள்வட்ட ஸ்பிரிங், நம் லாரிகளில் உள்ள அதே முறை: ஆக்ஸில் நடுவில், முன்னால் ஒரு பாதி, பின்னால் ஒரு பாதி. ஆகவே பின் சக்கரத்துக்குப் பின்புறம், மட்கார்டு முடியும் இடத்தில், ஸ்பிரிங்கின் வாலும் ஷேக்கிளும் தொங்கிக்கொண்டிருந்தால் அது இரண்டாம் ஃபேன்டம். அங்கே வெறுமையாக இருந்தால் முதலாவது. பாடி கட்டியவர் எவராக இருந்தாலும் இதை மாற்ற முடியாது. ஸ்பிரிங்கை மாற்றவேண்டுமானால் சேசிஸையே வெட்ட வேண்டும்.

அடியில் படுக்க முடிந்தால் இன்னொன்றும் தெரியும். முதலாம் ஃபேன்டத்தில் இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. நடுவில் கை நுழைகிற இடைவெளி, அதில் ஒரு சின்ன ஷாஃப்ட். இரண்டாவதில் கியர்பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டி போல்ட் போட்டிருக்கும். முதலாவதில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். இரண்டாவதில் திறந்து கிடக்கும். பானட்டைத்தான் திறப்பேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு சமாதானம் உண்டு. இரண்டாம் ஃபேன்டத்தில் பெட்ரோல் காற்று உள்ளே போவது ஒரு பக்கம், புகை வெளியே வருவது எதிர்ப்பக்கம். அதை ஒரே பார்வையில் பிடிக்கலாம்.

நாடாவை எடுத்து வீல்பேஸை அளப்பவர்களும் உண்டு. பல இடங்களில் நல்ல வழி. இங்கே மட்டும் வீண். முதலாம் ஃபேன்டத்தின் நீள சேசிஸ் 150½ அங்குலம், இரண்டாவதின் நீள சேசிஸ் 150 அங்குலம். குட்டை சேசிஸ்களும் 143½, 144. அரை அங்குல வித்தியாசத்தை நாடாவில் படிப்பவர், ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் அளந்திருந்தால், என்ன வேண்டுமானாலும் வரும்.

கோஸ்டுக்கும் முதலாம் ஃபேன்டத்துக்கும் நடுவே ஸ்பிரிங் உதவாது என்று மேலே சொன்னதிலிருந்தே தெரிந்திருக்கும். இங்கே முன் சக்கரத்துக்கு வர வேண்டும். முன் சக்கரத்துக்குள் பிரேக் டிரம் இல்லையா? கோஸ்ட். டார்பியில் செய்த முதலாம் ஃபேன்டங்களுக்கு நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. கியர்பாக்ஸின் சுழற்சியையே பயன்படுத்தி பிரேக்கை இழுக்கிற சர்வோவும் உண்டு. டிரம் இருந்தால் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1924-இலேயே கோஸ்டுக்கு முன் பிரேக் வந்துவிட்டது. பழைய வண்டிகளுக்கும் பின்னால் பூட்டியிருக்கிறார்கள். அடுத்தது ரேடியேட்டர் முகம். கோஸ்டில் தேன்கூட்டுக் கண்கள் வெறுமையாகத் தெரியும். நியூ ஃபேன்டத்தில் அதன் முன்னால் நெட்டுவாட்டத்தில் ஷட்டர் பட்டிகள் நிற்கும். திறந்து மூடி இன்ஜின் சூட்டைச் சமன் செய்ய. கண்ணுக்கு இதுதான் பெரிய அடையாளம். சந்தேகம் வருவதும் இதில்தான், ஏனென்றால் கோஸ்டுக்கும் பின்னால் ஷட்டர் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஜோடிக்குப் பானட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் பிறகு பேச்சே இல்லை. கோஸ்டின் இன்ஜின் பக்க வால்வு. மூன்று மூன்றாக இரண்டு சிலிண்டர் கட்டிகள், ஹெட்டைத் தனியாகக் கழற்ற முடியாது, மேலே மூடி எதுவும் கிடையாது. ஃபேன்டத்தில் அதே இரண்டு கட்டிகள்தான், ஆனால் இரண்டின் மேலும் ஒரே நீளமாக ஹெட் உட்கார்ந்திருக்கும், அதன் மேல் ராக்கர் மூடி. வால்வு தலைக்கு ஏறிவிட்டது.

அளவுகளிலும் ஒரு சுவாரசியம் உண்டு. கோஸ்டின் சிலிண்டர் 4½ அங்குல அகலம். ஸ்ட்ரோக் முதலில் 4½, பிறகு 4¾. அப்போது 7,428 சிசி. ஃபேன்டம் 4¼ அகலம், 5½ ஸ்ட்ரோக். பெரிய இன்ஜினுக்கு ஏன் ஒல்லி சிலிண்டர்? பிரிட்டனில் 1921 முதல் கார் வரி குதிரைசக்திக்கு ஒரு பவுண்டு வீதம். அந்தக் குதிரைசக்தியைச் சிலிண்டரின் அகலத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள், ஸ்ட்ரோக் கணக்கில் வராது. கோஸ்ட் 48.6 என்று வரும். ஃபேன்டம் 43.3. இன்ஜின் வளர்ந்தது, வரி குறைந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் வாங்குகிறவன் ஐந்து பவுண்டுக்குக் கவலைப்படுவானா என்று கேட்கலாம். பணக்காரனைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

இந்த ஃபேன்டத்தை ரகசியமாகத் தயாரித்த நாட்களில் டார்பியில் அதற்கு வைத்த பெயர் 'கிழக்கத்திய கவச வண்டி'. ஒற்றர்களை நம்பவைக்க ஆலையில் கவசத் தகடுகளையும் போட்டு வைத்தார்களாம். அந்த வண்டியை மூடி மறைத்து மறைத்து, நூறு வருஷம் கழித்தும் கோஸ்டோடு குழப்பிக்கொள்கிற அளவுக்கு மறைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலும் 1921 முதல் பத்து ஆண்டுகள் ஓர் ஆலை ஓடியது. அங்கே செய்த கோஸ்டும் முதலாம் ஃபேன்டமும் தனிக் கணக்கு. இந்தியாவில் கண்ணில் படுவது அபூர்வம் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சின்ன வண்டிகளுக்கு வருவோம். எனக்கு இவற்றின் மேல்தான் ஒட்டுதல் அதிகம். மகாராஜா பின்சீட்டில் உட்கார்ந்து போவதற்குப் பெரியது. மருத்துவரும் வக்கீலும் தானே ஓட்டிக்கொண்டு போவதற்காக 1922-இல் வந்தது 'ட்வென்ட்டி'. 3,127 சிசி, வீல்பேஸ் 129 அங்குலம். படத்தில் தனியாக நின்றால் பெரியதா சின்னதா என்று தெரியாத அளவுக்கு உருவ ஒற்றுமை. ஆரம்ப ட்வென்ட்டியில் ஷட்டர் படுக்கைவாட்டத்தில் இருக்கும். பெரிய ஃபேன்டத்தில் நெட்டுவாட்டம். அந்தக் காலத்தில் தெருவில் போகிற பையன்கூட இதை வைத்துத்தான் சொல்லியிருப்பான். பத்தாண்டின் முடிவில் சின்னதும் நெட்டுவாட்டத்துக்கு மாறிவிட்டது, வசதி போயிற்று. ஆனால் ஸ்பிரிங் இங்கேயும் கைவிடாது. ட்வென்ட்டிக்குத் தொடக்கம் முதலே பின்னால் அரை நீள்வட்ட ஸ்பிரிங். ஆகவே 1920-களின் நடுப்பகுதி வண்டி, பின்னால் ஸ்பிரிங் வால் தொங்குகிறது என்றால் அது சின்னது.

ட்வென்ட்டிக்குள்ளேயே முன், பின் உண்டு. 1925-க்கு முந்தியவற்றில் கியர் மூன்று, கியர் கம்பி வண்டியின் நடுவில். 'ரோல்ஸ்-ராய்ஸுக்கு இது அழகா' என்று வாங்கினவர்கள் முணுமுணுத்தார்கள். 1925-இல் நான்கு கியர் வந்தது, கம்பிகள் டிரைவரின் வலது கைக்குப் போயின, முன் பிரேக்கும் வந்தது. எனக்கு அந்த மூன்று கியர் வண்டிதான் இஷ்டம். ஏற்றத்தில் திணறும், உண்மை. இறங்கி நடப்பவனுக்குத்தானே அது குறை.

அதற்குப் பிறகு 1929-இல் 20/25, 1936-இல் 25/30. இந்த மூன்றையும் வெளியிலிருந்து பிரிப்பது கடினம், கடைசி இரண்டைப் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 20/25-உம் பிந்தைய வரிசைகளில் 132 அங்குலம், 25/30-உம் 132 அங்குலம். முன்னும் பின்னும் அதே ஸ்பிரிங். பாடி கட்டியவர்களும் அதே ஆட்கள், 1936-இன் பேஷனும் அதே பேஷன். இங்கே முகத்தைப் பார்த்து "25/30" என்று அடித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் வண்டியைப் பார்க்கவில்லை, விலைப்பட்டியலைப் பார்க்கிறார்.

மூன்று இன்ஜின்களுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றே: 4½ அங்குலம். சிலிண்டரின் அகலம் மட்டும் 3, 3¼, 3½ என்று கால் கால் அங்குலமாக ஏறியது. 3,127 சிசி, 3,669 சிசி, 4,257 சிசி. அதே வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 21.6, 25.3, 29.4. ட்வென்ட்டி, 20/25, 25/30 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கிவிடும்.

இன்ஜினைத் திறக்காமல் இந்த அகலத்தை அளக்க முடியாது. ஆனால் இன்ஜினைச் சுற்றியுள்ள சாமான்கள் பேசும். ராய்ஸ் இருந்தவரை கார்புரேட்டர் வரைக்கும் சொந்தமாக வடித்தார். 20/25-இல் அந்தச் சொந்தக் கார்புரேட்டரைப் பார்க்கலாம். தொடக்க கால வண்டிகளில் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்க டாஷ் சுவரில் ஆட்டோவாக் என்ற ஒரு டப்பா தொங்கும். அவர் போன பிறகு வந்த 25/30-இல் கம்பெனி சாமான்களை வெளியே வாங்கத் தொடங்கியது: ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர், எஸ்.யு. மின்சார பம்ப். இன்ஜினின் அழகு ஒரு படி இறங்கியது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ரிப்பேர் செய்கிறவனுக்கு எளிதானது என்பதையும் மறைக்க முடியாது.

இந்தச் சாமான் சாட்சியம் இந்தியாவில் பாதிக்குப் பாதிதான் செல்லும். ராஜஸ்தான், குஜராத் அரண்மனைக் கொட்டகைகளில் எழுபது வருஷம் ஓடிய வண்டிகளில் எது கிடைத்ததோ அது மாட்டியிருக்கிறது. லாரி கார்புரேட்டர், அம்பாசிடர் பம்ப், ஏதோ ஒரு டிராக்டரின் டைனமோ. பழைய கார்களை வெளிநாட்டுக்கு விற்பதை அரசு 1972-இல் தடை செய்தது நல்ல காரியம், வண்டிகள் நாட்டில் தங்கின. ஆனால் அவற்றுக்கான பாகம் வரும் வழி எப்போதும் குறுகலாகவே இருந்தது. உள்ளூர் மிஸ்திரிகள் அந்தக் குறையைத் தங்கள் மூளையால் நிரப்பினார்கள். அவர்களைக் கேலி செய்கிற வெள்ளைக்கார நிபுணர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஓடாமல் நின்றிருந்தால் அந்த வண்டி இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆகவே சின்ன வண்டிகளில் கடைசி வார்த்தை நம்பருக்கே. டாஷ் சுவரில், பானட்டுக்குள்ளே, ஒரு தகடு இருக்கும். சின்ன வண்டிகளின் சேசிஸ் எண்ணில் பொதுவாக முதலில் எழுத்து, பிறகு எண். எழுத்து 'ஜி'-இல் தொடங்கும். 20/25-இன் கடைசி வரிசை ஜி.டி.கே., 25/30-இன் முதல் வரிசை ஜி.யு.எல். இதைத் தெரிந்துகொண்டால் மேலே பட்ட பாடெல்லாம் வேண்டாம். பெரிய ஃபேன்டங்களில் முதலில் எண், பிறகு எழுத்து. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: இரண்டாம் ஃபேன்டத்திலும் ஜி.என்., ஜி.ஒய்., ஜி.எக்ஸ். என்ற வரிசைகள் உண்டு. 'ஜி'யைப் பார்த்தவுடனே சின்ன வண்டி என்று குதிக்காமல், அது எண்ணுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பின் வந்த மூன்றாம் ஃபேன்டத்தின் எண்கள் 3-இல் தொடங்கும், ரெய்த் என்ற மாடலின் எழுத்துகள் டபிள்யூ-இல். 13 என்ற எண்ணை மட்டும் கம்பெனி தவிர்த்துவிடும். 13 என்று தகடு வைத்த வண்டி வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

இன்ஜினுக்குத் தனி எண் உண்டு, அது வேறு. 20/25 சேசிஸில் 25/30 இன்ஜின் உட்கார்ந்திருப்பது நடக்கிற காரியம்தான், பொருந்தும். அந்த வண்டியை என்னவென்று அழைப்பது என்று இரண்டு பேர் என் பட்டறையில் சண்டை போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சேசிஸ் என்ன சொல்கிறதோ அதுதான் பெயர். இன்ஜின் வரும் போகும்.

1936-க்கு மேல் நம் வேலை சட்டென்று எளிதாகிறது. மூன்றாம் ஃபேன்டத்தில் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். முன்னால் குறுக்கே ஓடும் ஆக்ஸில் கட்டை இல்லை, பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. ரேடியேட்டர் முன்னுக்கு நகர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய மாடல்களில் ரேடியேட்டர் ஆக்ஸிலின் மேலோ சற்றுப் பின்னோ அடக்கமாக நிற்கும். இதில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பழகச் சினிமா போதும். 1964-இல் வந்த இரண்டு படங்கள், 'கோல்ட்ஃபிங்கர்', 'தி யெல்லோ ரோல்ஸ்-ராய்ஸ்'. இரண்டிலும் மஞ்சளும் கறுப்புமாக ஒரு வண்டி, இரண்டிலும் பாடி பார்க்கர் கட்டியது, இரண்டிலும் டிரைவர் தலைக்கு மேல் திறக்கிற அமைப்பு. கோல்ட்ஃபிங்கரின் வண்டி 1937-ஆம் ஆண்டின் மூன்றாம் ஃபேன்டம். மற்றது 1931-ஆம் ஆண்டின் இரண்டாவது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன் சக்கரத்துக்கு நடுவில் மட்டும் பாருங்கள். பையன்களுக்கு நான் முதல் பாடமாகக் கொடுப்பது இதைத்தான். நிறமும் பாடியும் ஒன்றாக இருக்கும்போது கண் வேறு வழியில்லாமல் கீழே இறங்கும்.

1938-இல் வந்த ரெய்த்துக்கும் இதே மாதிரி முன்பக்கம். அதை மூன்றாம் ஃபேன்டத்தோடு குழப்புவார்கள். அங்கே நாடா உதவும்: ஃபேன்டம் 142 அங்குலம், ரெய்த் 136. பானட்டுக்குள் பன்னிரண்டு சிலிண்டரா ஆறு சிலிண்டரா என்பது குழந்தைக்கும் தெரியும்.

பழகுவதற்கு நல்ல வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களை ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனைக்குப் போகச் சொல்வேன். ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் ஆர்டர் கொடுத்து, அவர் இறந்த பிறகு வந்து சேர்ந்த மஞ்சள் நிற கோஸ்ட் அங்கே நிற்கிறது. பார்க்கர் கட்டிய பாடி, பின்னால் சிம்மாசனம். கூட்டம் சிம்மாசனத்தைத்தான் பார்க்கும். அது சில நூறு மைல்தான் ஓடியது, ஆகவே யாரும் கைவைத்துக் கெடுக்கவில்லை. முன் சக்கரத்தில் டிரம் இல்லாமல் ஒரு கோஸ்ட் எப்படி நிற்கும் என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். அதே மூச்சில் யாராவது பக்கத்தில் நின்று, ஆல்வார் மகாராஜா ரோல்ஸ்-ராய்ஸில் குப்பை அள்ளிய கதையைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் கதைக்கு ஆதாரம் யாரும் காட்டியதில்லை. சேசிஸ் எண் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இந்தியாவின் இன்னொரு புகழ்பெற்ற வண்டி 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. ராஜ்கோட் சமஸ்தானத்துக்காக 1934-இல் த்ரப் அண்ட் மேபர்லி கட்டிய காவி நிற வண்டி. வெளிநாட்டுக்குப் போய், 2010-இல் ஏலத்தில் அந்தக் குடும்பமே திரும்ப வாங்கியது. அது இரண்டாம் ஃபேன்டம் கான்டினென்டல். இந்தக் கடைசிச் சொல்லில்தான் என் தொழிலின் பெரிய தலைவலி இருக்கிறது.

ஐரோப்பாவின் நீண்ட சாலைகளில் வேகமாக ஓட்டுவதற்காக, குட்டை சேசிஸில், ஸ்பிரிங்கையும் மற்றவற்றையும் அதற்கேற்ப அமைத்துச் செய்த வகை கான்டினென்டல். சுமார் 280 வண்டிகள்தான். விலை சாதாரண இரண்டாம் ஃபேன்டத்தைவிட மிக அதிகம். ஆகவே 144 அங்குலக் குட்டை சேசிஸ் கிடைத்தால் போதும், விற்பவர் அதைக் கான்டினென்டல் ஆக்கிவிடுவார். குட்டை சேசிஸில் சாதாரண வண்டிகளும் செய்தார்கள். எல்லாக் கான்டினென்டலும் குட்டை, எல்லாக் குட்டையும் கான்டினென்டல் இல்லை. பின் ஸ்பிரிங், ரேடியேட்டர், கியர்பாக்ஸ், இதுவரை சொன்ன ஒன்றும் இங்கே செல்லாது. ஸ்பிரிங்கின் பட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து ஒரு யோசனைக்கு வரலாம். தொண்ணூறு வருஷத்தில் ஸ்பிரிங்கை எத்தனை பேர் மாற்றினார்களோ. டார்பியில் ஒவ்வொரு சேசிஸுக்கும் ஒரு கார்டு எழுதினார்கள்: யாருக்கு, எந்தப் பட்டறைக்கு, என்னென்ன விசேஷம் என்று. அந்தக் கார்டுகள் இங்கிலாந்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் நகல் கிடைக்கும். கான்டினென்டல் என்றால் கார்டில் இருக்கும்.

ஒரு சேகரிப்பாளர் அப்படி ஒரு வண்டியை வாங்குவதற்கு முன் என்னை அழைத்துப்போனார். நாடா 144 காட்டியது, அவர் முகம் மலர்ந்தது. கார்டு வரட்டும் என்றேன். வாரக்கணக்கில் காத்திருந்து நகல் வந்தது. வாங்கியவர் பெயர், பாடி கட்டியவர், ஸ்டியரிங்கின் சாய்வு, விளக்கின் உயரம், எல்லாம் இருந்தது. அந்தச் சொல் மட்டும் இல்லை.

"அப்போ இது என்னண்ணே?"

"இரண்டாம் ஃபேன்டம். குட்டை சேசிஸ். ரொம்ப நல்ல வண்டி."

"விலை குறைச்சுக் கேக்கலாமா?"

"கேக்கணும்."

விற்கிறவர் கார்டைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்துக் குமாஸ்தா எழுத மறந்திருப்பான் என்றார். பேரம் அங்கிருந்து தொடங்கியது.